வெள்ளி வேலைப்பாட்டைத் தாண்டிப் பார்த்தபோது

நண்பர் ஒருவர் வாங்க நினைத்திருந்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கியை (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைப்பது) சோதித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். வால்நட் கட்டை முழுவதும் வெள்ளிக்கம்பி இழைத்த கொடிக்கருக்கு ஓடியது. பிடியின் அடியில் வெள்ளியில் வார்த்த கோரமுகம் ஒன்று இருந்தது. அதன் அழகில் நெடுநேரம் மயங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் குழலுக்குள் மரக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, அதே அளவை வெளியே வைத்துப் பார்த்தேன். முன்பொரு முறை, பல தலைமுறைகளாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கி ஒன்றில் குச்சி தீத்துளையை (குழலின் பின்முனையில், உள்ளிருக்கும் மருந்துக்குத் தீ செல்லும் சிறு துளை) எட்டாமல் நின்று, உள்ளே மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருந்தது தெரியவந்ததிலிருந்து, இந்தச் சோதனையை நான் விட்டதே இல்லை. ஈரம் படாத கருமருந்து, அதாவது அந்தப் பழைய வகை வெடிமருந்து, எத்தனை ஆண்டானாலும் தீப்பற்றும். இதில் குழல் காலியாக இருந்தது. குழலின் மேல் கிரீடத்துடன் கூடிய ஜி.பி., வி எழுத்துகள், அதாவது லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்தின் சோதனை முத்திரைகள், தெளிவாகத் தெரிந்தன.

ஐயம் எழுந்தது தீத்துளையருகே. கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பதால், நிறையச் சுட்ட துப்பாக்கியில், பற்றவைக்கும் மருந்தை இடும் மருந்துக்கிண்ணியும் துளையின் சுற்றுப்புறமும் குழிகுழியாக இருக்கும். இங்கே குழலில் மட்டும் ஆழமான அரிப்பு இருந்தது. கிண்ணியோ வழுவழுப்பாக இருந்தது. சுடும் பொறியமைப்பைத் தாங்கும் பூட்டுத் தகட்டைக் கழற்றி உட்புறம் பார்த்தபோது, அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள் இரண்டு தென்பட்டன. தீத்துளையைச் சுற்றி, பின்னாளில் பொருத்திய உலோக வளையத்தின் மெல்லிய கோடும் தெரிந்தது.

கேப் முறை (வெடிபொருள் அடைத்த சிறு உலோக மூடியை அடித்துத் தீ மூட்டும் முறை) பரவிய 1820கள், 1830களில், நல்ல துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர் அதைக் கைவிட மனமின்றி, கல்லைப் பிடித்து அடிக்கும் குதிரையையும் கிண்ணியையும் நீக்கிப் புது முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். இதுவும் அப்படி மாறி, பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் சக்கிமுக்கியாக்கப்பட்டது என்றே முடிவு செய்தேன். கேப்புக்கு மாற்றியது அந்தத் துப்பாக்கி உண்மையாக வாழ்ந்த வாழ்க்கை. அதை அழித்தது எனக்கு இன்றும் வருத்தமே.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டபின், குழலுக்காகவும் வெள்ளி வேலைக்காகவும் வாங்கிக்கொண்டார். நான் கண்டவற்றைத் தாளில் எழுதித் துப்பாக்கியுடனேயே வைக்கச் சொன்னேன், வைத்திருக்கிறார்.