பேனலின் ஓரத்தில் இருந்த கேட் ஐசி எங்கே போயிற்று?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பழுது பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் எல்சிடி பேனலைப் பிரித்தால், ஒரு விளிம்பில் சோர்ஸ் ஐசி (நெடுவரிசைகளுக்குப் பட மின்னழுத்தம் தரும் சில்லு) ஒட்டிய பட்டைகளும் பக்கவாட்டில் கேட் ஐசி (கிடை வரிகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் சில்லு) ஒட்டிய பட்டைகளும் இருக்கும். சென்ற வாரம் வந்த 32 அங்குலப் பேனலில் பக்கவாட்டில் வெறும் கண்ணாடிதான் இருக்கிறது. படத்தின் மேற்பாதி தெளிவாக இருக்க, கீழ்ப்பாதி கலங்கித் தெரிகிறது. பேனலுக்கு நேரச் சைகைகளை அனுப்பும் டிகான் போர்டை மாற்றியும் பயனில்லை. ஐசி இல்லாமல் வரிகளை எது இயக்குகிறது? அதை மாற்ற வழி உண்டா?

லாஸ்பேட்டை வாத்தியார் (புதுச்சேரி):
ஐயா, அந்த ஐசி செய்த வேலையைக் கண்ணாடியே செய்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய டிரான்சிஸ்டரைக் கண்ணாடியில் உருவாக்கும்போதே, அதே சிலிக்கான் படலத்தைக் கொண்டு விளிம்பிலும் டிரான்சிஸ்டர்களை அமைத்து, கேட் சுற்றை முடித்துவிடுகிறார்கள். இதை ஜிஓஏ என்பார்கள். உங்களுடையது 1366×768 பேனல் என்றால், 768 வரிகளுக்கும் வரிக்கு ஒரு நிலை (அந்த வரியைத் திறக்கும் சிறு சுற்று) உண்டு. கட்டட வேலையில் ஆட்கள் ஏணியில் நின்று செங்கலைக் கை மாற்றுவது போல, ஒரு நிலையின் வெளியீடுதான் அடுத்ததைத் தட்டி எழுப்புகிறது. நடுவில் ஒருவர் நழுவவிட்டால் அதற்கப்பால் யாருக்கும் செங்கல் போய்ச் சேராது. உங்கள் கீழ்ப்பாதி கலங்குவதற்கு இது காரணமாக இருக்கக்கூடும். கண்ணாடியோடு பிறந்த சுற்று என்பதால் தனியாக மாற்ற இயலாது.

கெடிலக்கரை:
நன்றி ஐயா. அப்படியானால் சோர்ஸ் ஐசியை மட்டும் ஏன் வெளியே விட்டார்கள்?

லாஸ்பேட்டை வாத்தியார்:
கேட் சுற்று திறப்பதும் மூடுவதுமான எளிய வேலை. சோர்ஸ் ஐசியோ ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 256 மின்னழுத்த அளவுகளில் ஒன்றைத் துல்லியமாகத் தேர்ந்து, மிகக் குறைந்த நேரத்தில் கொடுக்க வேண்டும். சாதாரணப் பேனலில் உள்ள படிகமற்ற சிலிக்கானில் எலக்ட்ரான் நகரும் வேகம், படிகச் சிலிக்கானில் உள்ளதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் அந்த வேலை அதற்கு ஆகாது. சிலிக்கானை உருக்கிப் படிகமாக்கலாம் என்றால், அது உருக 1414 டிகிரி வேண்டும். பேனல் கண்ணாடி 600 டிகிரியைத் தாண்டினாலே வடிவம் பிசகத் தொடங்கும். இதற்கு எக்ஸைமர் லேசர் கைகொடுத்தது: பல பத்து நானோ நொடிகள் மட்டுமே நீடிக்கும் துடிப்பு மேற்படலத்தை மட்டும் உருக்க, அடியில் உள்ள கண்ணாடிக்குச் சூடு எட்டுவதில்லை. எல்டிபிஎஸ் எனப்படும் இந்த வகை கைப்பேசித் திரைகளில் பரவலாக உள்ளது. 2002-இல் ஷார்ப் நிறுவனம், தனிவகைப் படிகச் சிலிக்கானைக் கொண்டு இசட்80 என்ற 8 பிட் செயலியையே கண்ணாடி மீது இயக்கிக் காட்டியது.

முத்தியால்பேட்டை சர்வீஸ் (புதுச்சேரி):
அண்ணா, மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் உடனே கைவிட்டுவிட வேண்டாம். முதலில் வரியைத் திறக்கும் விஜிஎச், மூடும் விஜிஎல் வோல்டேஜ் இரண்டும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, செட்டை அணைத்துவிட்டு, சோர்ஸ் ஐசி பட்டைகள் இணையும் சோர்ஸ் போர்டின் இரு முனைகளிலும் உள்ள சிகேவி (கேட் சுற்றுக்கான கடிகாரத் துடிப்பு) புள்ளிகளின் மின்தடையை மீட்டரில் தரையோடு அளந்து, இடம், வலம் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு லைன் குறைவாகக் காட்டினால் ஷார்ட் அங்கேதான். அந்தப் பக்கத்துச் சிகேவி லைன்கள் அனைத்தையும் டேப் ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். எடுத்தவுடன் லைனை வெட்டப் பிளேடு வைக்காதீர்கள். ஒவ்வொரு வரியும் இரு பக்கத்திலிருந்தும் இயங்கும் பேனலில்தான் இப்படி ஒரு பக்கத்தைப் பிரிப்பது பலிக்கும். ஒற்றைப்படை வரி ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று பிரித்திருந்தால் பாதி வரிகள் போய்விடும்.

கெடிலக்கரை:
வலப்பக்கம் சிகேவி3 மட்டும் மிகக் குறைவாகக் காட்டியது. அந்தப் பக்க லைன்களை டேப் ஒட்டிப் பிரித்ததும் படம் முழுதாக வந்துவிட்டது. வலது ஓரம் சற்று மங்கலாக உள்ளது. எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று வாடிக்கையாளரிடம் முன்பே கூறி, பாதிக் கூலிதான் வாங்கினேன்.