கோரஸ் வந்தாலே பாட்டு கலங்கிவிடுகிறது: மிக்ஸிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் தமிழில் பவர் மெட்டல் என்ற ராக் இசை வகையைப் பாடும் குழு நாங்கள். இதுவரை வேகமான டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரே குரல் என்றுதான் போனது. இப்போது அடர்த்தியான இசைக்கு மாறுகிறோம். ஜெர்மன் மெட்டல் குழுவான பிளைண்ட் கார்டியன் 2002-இல் வெளியிட்ட 'எ நைட் அட் தி ஓப்பரா' ஆல்பம்தான் வழிகாட்டி. குரல்மேல் குரல் அடுக்கியிருப்பார்கள், கடைசிப் பாட்டு மட்டுமே சுமார் 14 நிமிடம். அத்தனை அடுக்கிலும் மெட்டு தொலையாது, அதுதான் அழகு!

எங்கள் பாட்டில் தொலைகிறது. கோரஸில் பன்னிரண்டு குரல் டிராக், நான்கு கிட்டார், கீபோர்டு ஸ்டிரிங்ஸ். எல்லாம் சேர்ந்ததும் சொற்கள் புரிவதில்லை, ஸ்னேர் டிரம்மும் அமுங்கிவிடுகிறது. தனித்தனியாகக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. ஜூனிலிருந்து இதே நிலை.

மென்பொருள் ரீப்பர், ஒலிப்பதிவு இணைப்புக் கருவி ஸ்கார்லெட் 2ஐ2. உட்லண்ட்ஸ் வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில்தான் மிக்ஸிங், அதனால் ஹெட்போன் மட்டுமே. குரல்களில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியாயிற்று. ஹார்மனிகளை இடம் வலம் பிரித்தோம், ரிவெர்பை (எதிரொலியை) குறைத்தோம். கிட்டாரில் கெயின் (கரகரப்பு அளவு) குறைத்தபோது கொஞ்சம் தெளிந்தது, ஆனால் கனம் போய்விட்டது. அந்தக் கனத்தை இழக்க மனமில்லை.

குரல் அடுக்குகளைக் குறைக்காமல் மெட்டு முன்னால் வர, 200 முதல் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் முதலில் எதை வெட்ட வேண்டும்: கிட்டாரையா, ஸ்டிரிங்ஸையா, பின்னணிக் குரல்களையா?