நியூகாசில் அவே மட்ச் (எதிரணியின்ர ஊரில நடக்கிற மட்ச்): லண்டன் ஆர்சனல் ரசிகர் குடும்பத்தின்ர அரட்டைக் குழு

செவ்வாய், பின்னேரம்

ஹரோ மாமா: ரீவிக்காரர் நேரத்தை மாத்திப்போட்டினம். நியூகாசில் – ஆர்சனல் உதைபந்தாட்ட மட்ச் சனி 3 மணிக்கு இல்லை, ஞாயிறு 4:30. எல்லாரும் கலண்டரில திருத்துங்கோ.

மிற்சம் அக்கா: இதுக்குத்தான் ஜூனில மட்ச் அட்டவணை வந்த உடன ரெயின் ரிக்கற் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறது. முன்கூட்டி எடுக்கிற அட்வான்ஸ் ரிக்கற் மலிவு, ஆனா காசு திரும்பாது. பயண நாளை மாத்தலாம், ஆனா புதுநாள் விலை கூட எண்டால் மிச்சத்தை நாங்கள்தான் கட்டவேணும். கிட்ட வரவர விலை கூடத்தான் செய்யும்.

ஈஸ்ட்ஹாம் சித்தி: ஞாயிறு எண்டால் அடுத்தநாள் சின்னவனுக்குப் பள்ளிக்கூடம். எத்தனை மணிக்கு வீட்டை வந்து சேரலாம் பெரியண்ணை?

ஹரோ மாமா: அவே மட்சுக்கு திரும்பி வாற வழியைத்தான் முதல் பாக்கவேணும் தங்கச்சி. போறது எப்பிடியும் போயிடலாம். 4:30க்குத் துவங்கினா ரெண்டு பாதி, இடைவேளை, கூட்டிக் குடுக்கிற நிமிஷங்கள் எல்லாம் சேர 6:25, 6:30 ஆகும். எங்கட சீட் ஏழாம் லெவல். சனத்தோட சனமா இறங்க 15 நிமிஷம். கிறவுண்டைச் சுத்திவந்து சென்ட்ரல் ஸ்ரேஷனுக்கு நடக்க 20. சில நாளில பொலிஸ் அவே ஆக்களைக் கொஞ்சநேரம் மறிச்சும் வைக்கும். அதால 7:15க்கு முந்தின ரெயினை நம்பேலாது.

மிற்சம் அக்கா: 7:30 அளவில ஏறினா லண்டன் கிங்ஸ் குரொஸ் 10:30. அங்கயிருந்து ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி ட்யூப் (நிலத்தடி ரெயின்) லைன் மாறாமல் ஈஸ்ட்ஹாம் வரும். 11:15க்கு வீட்டை நிப்பியள் சித்தி. சின்னவன் ரெயினிலயே நித்திரை கொள்ளலாம்.

ஈஸ்ட்ஹாம் சித்தி: அந்த ரெயினைத் தவறவிட்டால்?

மிற்சம் அக்கா: வெறும் அட்வான்ஸ் எண்டால் அந்த ஒரு ரெயினுக்குத்தான் செல்லும். தவறினா புது ரிக்கற், அதுவும் அண்டைய முழு விலை. அதுதான் வரேக்க எல்.என்.ஈ.ஆர் ரெயின் கொம்பனியில 70 நிமிஷ ஃப்ளெக்ஸ் ரிக்கற் எடுக்கச் சொல்லுறன். 7:30 ரெயினுக்குப் போட்டால் அதுக்கு 70 நிமிஷம் முந்தினதோ பிந்தினதோ, அவையின்ர எந்த ரெயினிலயும் ஏறலாம். போகேக்க வெறும் அட்வான்ஸ் காணும். போறதுக்கு அவசரம் இல்லை, வாறதுக்குத்தான் இழுபறி. லூமோ எண்ட வேற கொம்பனி ரெயினும் அதே பாதையில ஓடும், சிலநேரம் மலிவா இருக்கும். ஆனா ஃப்ளெக்ஸை வைச்சுக்கொண்டு அதில ஏறேலாது.

ரூட்டிங் சின்னமாமா: ஏன் உவ்வளவு கரைச்சல்? என்ர ஏழு சீட் கார் கிடக்கு. எண்ணெய்க் காசைப் பங்கு போட்டால் ரெயினிலும் பாக்க அரைவாசிதான்.

ஹரோ மாமா: காசு குறைவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒரு பக்கம் 280 மைல். ஏ1 றோட் நல்லா ஓடினாலே அஞ்சு மணித்தியாலம் பிடிக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 15 நிமிஷம் நிப்பாட்டச் சொல்லித்தான் றோட் விதிப் புத்தகம் ஹைவே கோடிலயே கிடக்கு. மட்ச் முடிஞ்சு காரை எடுத்து வெளிக்கிட 7:15. லண்டன் வர நடுச்சாமம் தாண்டும். ஓடுறது நீ ஒராள் மட்டும். ஒரே நாளில 560 மைல் ஓடி, திங்கள் காலமை வேலைக்கும் போறது சரிவராது. ரெண்டாவது ஆள் ஓட இன்சூரன்ஸ் போட்டால் மட்டும் யோசிக்கலாம்.

ரூட்டிங் சின்னமாமா: அப்ப மினிபஸ் ஒண்டை வாடகைக்கு எடுத்தால்? மற்றக் குடும்பமும் வரக் கேட்டவை.

ஹரோ மாமா: சாரதியோட சேர்த்து 9 சீட் வரைக்கும் உங்கட சாதாரண கார் லைசென்ஸ் காணும். அதுக்கு மேல டி1 வகை லைசென்ஸ் வேணும். 1997 ஜனவரிக்கு முதல் சோதினை பாஸ் பண்ணின ஆக்களின்ர லைசென்ஸில அது தானா இருக்கும், எங்கட பெடியள் ஒருத்தருக்கும் இராது. இன்னொண்டு, எட்டுப் பேருக்கு மேல ஏத்துற வாகனத்தில மட்சுக்குப் போகேக்க உள்ளுக்க குடிக்கவும் ஏலாது, போத்தல் வைச்சிருக்கவும் ஏலாது. 1985ம் ஆண்டுச் சட்டம். பொலிஸ் வழியில மறிச்சுப் பாக்கும். நியூகாசில் நடுவில, கூடப் புகை விடுற வாகனத்துக்குக் காசு எடுக்கிற கிளீன் எயர் சோனும் இருக்கு. சொந்தக் காருக்குக் காசில்லை, ஆனா பழைய டீசல் மினிபஸ்ஸுக்குக் காசு எடுப்பினம். யூரோ 6 புகைத் தரம் எண்டால் பிரச்சினை இல்லை.

ரூட்டிங் சின்னமாமா: சரி அண்ணை, ரெயின்தான்.

மிற்சம் அக்கா: சின்னமாமா வந்தால் கணக்கும் பொருந்துது. பெரியாக்கள் நாலு, பிள்ளை ஒண்டு. ஃபமிலி அன்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்ட் (கழிவு அட்டை) ஒண்டு 35 பவுண்ஸ், நாலு பெரியாக்கள், நாலு பிள்ளையள் வரைக்கும் செல்லும். பெரியாக்களுக்கு மூண்டில ஒரு பங்கு கழியும், பிள்ளையின்ர கட்டணத்தில 60 வீதம். ஒராளுக்குப் போக வர 90 எண்டு வைச்சாலும் நாலு பேருக்கு 120 பவுண்ஸ் மிச்சம். ஒரே பயணத்தில கார்டின்ர காசு வந்திடும். கட்டாயம் ஒரு பிள்ளை கூட வரவேணும், சின்னவனை விட்டிட்டுப் போனால் ரிக்கற் செல்லாது.

பரிஸ் தம்பி: அக்கா நானும் வாறன். எனக்கும் சேர்த்துப் போடுங்கோ.

மிற்சம் அக்கா: மட்ச் ரிக்கற் இருக்கோடா உன்னட்டை?

பரிஸ் தம்பி: ஃபேஸ்புக்கில ஒருத்தன் 150க்கு விக்கிறான்.

ஹரோ மாமா: தம்பி, உதைத் தொடாத. அவே ரிக்கற் நியூகாசில் விக்கிறதில்லை. அவை ஆர்சனலுக்கு ஒரு பங்கு குடுப்பினம், ஆர்சனல் தன்ர மெம்பர்மாருக்கு, முந்திப் போன மட்சுகளைக் கணக்கெடுத்துக் குடுக்கும். பெரியாளுக்கு 30 பவுண்ஸுக்கு மேல எடுக்கேலாது. 2016–17 சீசனில இருந்து பிரீமியர் லீக் முழுக்க அதுதான் உச்ச விலை. 30 பவுண்ஸ் சாமானை 150க்கு விக்கிறவன் அனுமதி இல்லாமல் விக்கிறான். இங்க 1994ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அவன் ஒரே கியூஆரை அஞ்சு பேருக்கு அனுப்பியிருப்பான். முதல் போறவனுக்குக் கதவு திறக்கும், மற்றவைக்குச் சிவப்பு லைற்தான்.

பரிஸ் தம்பி: அப்ப நியூகாசில் ஆக்களின்ர பக்கம் எடுத்தால்?

ஹரோ மாமா: அதுவும் வேண்டாம். ஹோம் பக்கத்தில இருந்து ஆர்சனல் கோலுக்குக் கை தட்டினா கிறவுண்ட் காவலுக்கு நிக்கிற ஸ்ருவேட் வந்து வெளியில விடுவான், விதியில அப்பிடித்தான் கிடக்கு. 90 நிமிஷம் முகத்தைக் கட்டிக்கொண்டு இருக்கிறதுக்கோ பரிஸில இருந்து வாறாய்? ஆர்சனலின்ர சொந்தக் கிறவுண்ட் எமிரேட்ஸில ஒரு மட்சுக்கு வா. அதுக்கு இப்பவே மெம்பர்ஷிப் எடு.

மிற்சம் அக்கா: எப்ப வந்தாலும் பிரெஞ்சு அடையாள அட்டையோட வராத, பாஸ்போர்ட் வேணும். அதோட ஈ.ரி.ஏ எண்ட பயண அனுமதியும் முன்கூட்டியே ஒன்லைனில எடுக்கவேணும். இல்லையெண்டால் பரிஸ் கார் து நோர் ஸ்ரேஷனிலயே திருப்பிப்போடுவினம்.

பரிஸ் தம்பி: ம்ம். சரி அக்கா.

ஈஸ்ட்ஹாம் சித்தி: ஏழாம் லெவல் எண்டியள். என்ர முழங்காலுக்கு ஏலுமோ?

ஹரோ மாமா: அதை வடிவாக் கதைக்கவேணும். அவே பக்கம் லீசஸ் ஸ்ராண்டின்ர உச்சி, வடமேற்கு மூலை. 14 அடுக்குப் படி ஏறவேணும். இங்கிலாந்தில இதுக்கு மேல உயரமான அவே இடம் எனக்குத் தெரிய இல்லை. லிஃப்ற் இருக்கு, ஆனா அண்டைக்கு வாசலில நிண்டு கேட்டால் நிச்சயமில்லை. இப்பவே ஆர்சனலில ஏலாத ஆக்களுக்கு உதவுற அக்செஸ் ரீமுக்கு ஈமெயில் போடு: முழங்கால் பிரச்சினை, படி ஏறேலாது, கூட ஒரு பிள்ளை வருது. அவை நியூகாசிலோட கதைச்சு ஒழுங்கு செய்வினம்.

மிற்சம் அக்கா: இன்னொரு விஷயம் சித்தி. அவே பக்கத்தில ஒருத்தரும் இருக்க மாட்டினம், முழு மட்சும் நிண்டுதான் பாப்பினம். நீங்கள் இருந்தால் முன்னுக்கு நிக்கிறவன்ர முதுகுதான் தெரியும். சின்னவனுக்கு 12 வயது, உயரம் காணாது. அதே ஈமெயிலில முன் வரிசையும் கேளுங்கோ.

ஹரோ மாமா: அந்த உயரத்தில இருந்து பாக்கிறதில ஒரு சுகம் இருக்கு. ஆக்கள் சின்னனாத் தெரிவினம்தான். ஆனா பந்து இல்லாத நேரம் ரெண்டு ரீமும் எப்பிடி வரிசை கட்டுது, ஓரத்தில தடுக்கிற ஃபுல் பாக் எப்ப உள்ளுக்க வாறான், எங்க இடைவெளி திறக்குது எல்லாம் அப்பிடியே விளங்கும். ரீவியில அது கிடைக்காது. பந்து விளையாடுற பிள்ளை அதை ஒருக்காப் பாக்கவேணும்.

ஈஸ்ட்ஹாம் சித்தி: சரி, இண்டைக்கே எழுதுறன். குளிரோ?

ஹரோ மாமா: கீழ காத்தில்லாட்டியும் மேல அடிக்கும். தடிச்ச ஜக்கற், தொப்பி, கையுறை. குடை வேண்டாம்.

புதன், இரவு

மிற்சம் அக்கா: ஞாயிறு ரெயின் ரிக்கற் இன்னும் திறக்கேல்லை. ஞாயிறில பாதை வேலை நடக்கிறபடியால் நேரத்தைப் பிந்தித்தான் உறுதிப்படுத்துவினம், கிழமைநாள் ரிக்கற் வந்தாப்பிறகும் இது வராது. எல்.என்.ஈ.ஆரில அலேர்ட் போட்டிருக்கிறன். திறந்த உடன அஞ்சு பேருக்கும் ஒரே தரமா எடுக்கிறன், அப்பதான் ஒரு மேசையைச் சுத்தி சீட் கிடைக்கும்.

ரூட்டிங் சின்னமாமா: போறது எத்தனை மணி?

மிற்சம் அக்கா: மத்தியானம் 1 மணிக்கு நியூகாசிலில இறங்கிற மாதிரி. ரெயின் 30 நிமிஷம் பிந்தினா அரைவாசிக் காசு, ஒரு மணித்தியாலம் பிந்தினா முழுக்காசு திரும்பத் தருவினம். ஆனா தவறவிட்ட மட்சுக்கு ஒருத்தரும் தரமாட்டினம். அதால மூண்டரை மணித்தியாலம் கையில வைச்சுக்கொண்டு போவம். ஞாயிறில ட்யூப் பிந்தித்தான் துவங்கும், அதையும் பாத்து வெளிக்கிடுங்கோ.

ஹரோ மாமா: இறங்கினாப்பிறகு மெற்றோ (நகர ரெயின்) தேவையில்லை. செயின்ட் ஜேம்ஸ் எண்டு கிறவுண்டுக்குப் பக்கத்திலயே ஸ்ரேஷன் இருக்கு, ஆனா மொனுமென்ற்றில மாறவேணும். அதுக்குள்ள நடந்திடலாம். சாப்பாட்டுக்கு ஸ்ரொவல் ஸ்றீற், சைனாரவுண். சோறு, நூடில்ஸ் எல்லாம் கிடைக்கும், அங்கயிருந்து கிறவுண்ட் கூப்பிடு தூரம். முதல் தெரியிறது கலோகேற் பக்கம், அது நியூகாசில் ஆக்களின்ர இடம். நாங்கள் பரக் றோட் பக்கமாச் சுத்திப் போகவேணும். டவுணுக்குள்ள சால்வையை ஜக்கற்றுக்குள்ள வையுங்கோ, வாசலுக்குக் கிட்டப் போய் வெளியில எடுக்கலாம். 3:15க்கு வாசலில நிப்பம். படி ஏற, மூச்சு வாங்க, சீட்டைத் தேட எல்லாத்துக்கும் நேரம் காணும்.

ஈஸ்ட்ஹாம் சித்தி: பை கொண்டு போகலாமோ? ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வரலாம் எண்டு பாத்தன்.

மிற்சம் அக்கா: ரோல்ஸ் ரெயினுக்கு. கிறவுண்டுக்கு ஏ4 தாளளவுக்கு மேல பை கொண்டு போகாதேங்கோ. தண்ணிப் போத்தலின்ர மூடியைக் கழட்டி எடுப்பினம், பிளாஸ்க்கை விடமாட்டினம். அதால எல்லாத்தையும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில கொண்டுவாங்கோ, முடிய எறியலாம்.

ஹரோ மாமா: போனில வந்த மட்ச் ரிக்கற்றை வீட்டில வைஃபையில இருக்கேக்கயே போனில இருக்கிற வொலற் அப்பில இறக்கி வையுங்கோ. வாசலில ஆயிரக்கணக்கான போன், சிக்னல் வராது. அதைப் படமெடுத்து ஒரு குழுவிலயும் போடாதேங்கோ, இங்கயும்தான். சின்னவன்ர ரிக்கற் அம்மான்ர போனிலயே இருக்கட்டும், ரெண்டு பேரும் ஒரே வாசலால போங்கோ.

ஈஸ்ட்ஹாம் சித்தி: ஆர்சனலுக்கு ஈமெயில் போட்டிட்டன் அண்ணை.

மிற்சம் அக்கா: ரெயில்கார்டுக்கு ரெண்டு பேரின்ர பெயர் போடலாம். சித்தி, நீங்களும் நானும். உங்கட பிறந்த திகதியைத் தனியா அனுப்புங்கோ, இரவைக்கே எடுத்துவிடுறன்.