பில் மூன்று மடங்கு, கட்டினால்தான் சாவியாம். யாரிடம் புகார் செய்வது? (அவசரம்)

வைகை_88
பிரேக்கில் சத்தம் வருகிறதென்று வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். 412 ஆகும் என்றார்கள். இப்போது பில் 1,150. கேட்டால் "உங்களிடம் சொல்லித்தானே செய்தோம்" என்கிறார். முழுவதும் கட்டினால்தான் சாவி தருவாராம். இவர்களைக் கேட்க அரசாங்கத்தில் ஆளே இல்லையா? எங்கே புகார் செய்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள்.

தாமிரபரணிக்காரன்
1,150 ரூபாய்க்கா இத்தனை கலாட்டா? பிரேக் பேட் மாற்றினாலே அவ்வளவு வருமே. கட்டிவிட்டு வேலையைப் பாருங்க. பைக்கா, காரா?

மொட்டைமாடி
எந்த ஊர், என்ன வண்டி, கம்பெனி சர்வீஸ் சென்டரா வெளிக்கடையா, 412 என்று வாயால் சொன்னார்களா எழுதித் தந்தார்களா? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது?

ஸ்பேனர்_சித்தப்பா
சத்தம் எப்போது வருகிறது என்று சொல்லவே இல்லையே. காலையில் முதல் சில மிதிக்கு மட்டும் கீச்சிட்டால் அது ராத்திரி டிஸ்க்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். ஓடும்போது கீச்சிட்டு, பிரேக்கை மிதித்தால் நிற்கிறது என்றால் பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு உரசுகிறது. இரண்டும் இல்லையென்றால், பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பர் நகர்வதற்கான பின் (கம்பி) காய்ந்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக் கிரீஸ் வைத்தால் முடிந்தது. இதற்குப் போய்ப் பாகம் மாற்றுகிறவன் மெக்கானிக்கே இல்லை.

சட்டம்_பேசுவோம்
கவலைப்படாதீர்கள். முதலில் 1915-க்கு போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் தர மறுத்தாலே அது முறையற்ற வணிக நடவடிக்கை.

ஆனால் சாவி விஷயத்தில் ஒன்று. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவின்படி, உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம். நியாயமான கூலிக்குத்தான் அது. நீங்கள் கேட்காத வேலைக்கு அவர் அந்த உரிமையைக் கோர முடியாது. ஆட்சேபத்தைப் பில்லிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுங்கள். வண்டி முதலில் வெளியே வரட்டும், வழக்கு அப்புறம்.

மொட்டைமாடி
எல்லாம் சரி, இங்கே இப்போது அதிகாலை இரண்டரை. ஆறு மணிக்கு மூடும் எந்தக் கடையில் இவர் நிற்கிறார்? இந்தியாவில் இல்லை போலிருக்கிறதே.

வைகை_88
கலிஃபோர்னியா. டாலர். கார், ஒன்பது வருடப் பழசு, வெளிக்கடை. 412 என்று மெசேஜில் அனுப்பினார்கள்: முன் பேட், ரோட்டர் (டிஸ்க்), கூலி என்று பிரித்துப் போட்டிருக்கிறது. பில்லில் இரண்டு கேலிப்பர், பிரேக் ஆயில் மாற்றியது எல்லாம் சேர்ந்திருக்கிறது. பில் போடுமுன் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருக்கிறது.

தாமிரபரணிக்காரன்
டாலரா! அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

நடுநிலைவாதி
இங்கே கேள்வி கேட்க வருகிறவர்கள் முதலில் கேள்வி கேட்கப் பழகலாம். ஊரையும் பணத்தையும் சொல்லாமல் ஒரு அவசரம், அதற்கு 1915 என்று ஒரு அவசரப் பதில். பல வருடமாக இதையே பார்க்கிறேன்.

தம்பி, நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர், சுருக்கமாக பி.ஏ.ஆர். மாநில நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் வருகிறது, 1971-இல் போட்ட சட்டம். காசுக்கு வண்டி பழுது பார்க்கும் கடை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பாகத்துக்கும் கூலிக்கும் மதிப்பீடு எழுதித் தந்து உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். உங்களைக் கேட்காமல் அதற்கு மேல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. இதெல்லாம் கடைச் சுவரில் அறிவிப்பாகவே மாட்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்தீர்களா?

வைகை_88
தம்பி இல்லை. மாட்டியிருக்கிறது, பார்த்தேன்.

ஆடிக்காற்று
நானும் அதே மாநிலம்தான். அக்கா, இரண்டு விஷயம் உடனே பாருங்கள். ஒன்று, பில்லில் கடையின் பதிவு எண் இருக்கும். அதை பி.ஏ.ஆர். தளத்தில் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ஏற்கெனவே நடவடிக்கை எடுத்திருக்கிறார்களா என்று தெரியும். பதிவே இல்லாத கடைக்கு உங்கள் வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை கிடையாது. வண்டியை நிறுத்தி வைத்ததற்கு வாடகையும் கேட்க முடியாது, உங்கள் மேல் வழக்கும் போட முடியாது. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது.

இரண்டு, இடையில் போன் வந்ததா? வந்ததென்றால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதுதான் முழு விஷயமும்.

வைகை_88
பதிவு இருக்கிறது, நடப்பில்தான். போன் வந்தது. வேலையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். "கேலிப்பரும் சரியில்லை, பார்த்துவிடட்டுமா" என்றார்கள். "சரி, பாருங்கள்" என்றேன். தொகை எதுவும் சொல்லவில்லை.

நடுநிலைவாதி
ஆக, சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். இதை உங்கள் நான்காவது பதிவில் சொல்கிறீர்கள்.

ஆடிக்காற்று
அவ்வளவு சுலபமாக முடிக்க முடியாது ஐயா. வாய்ச் சம்மதம் செல்லும்தான். ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. என்ன கூடுதல் வேலை, என்ன பாகம், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்லி, அதற்குப் பிறகு சம்மதம் வாங்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யாரிடம், எந்த எண்ணில் பேசினார்கள் என்று வேலைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். தொகை சொல்லாமல் "பார்த்துவிடட்டுமா" என்று கேட்டதற்குச் சரி என்றால் அது எதற்குச் சரி? சோதித்துப் பார்க்கவா, மாற்றவா? அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள் அக்கா. குறிப்பு இல்லையென்றால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

ஸ்பேனர்_சித்தப்பா
இரண்டு கேலிப்பரும் ஒரே நாளில் கெட்டதா? நம்ப மாட்டேன். நான் சொன்ன அந்தக் கேலிப்பர் பின்னில்தான் கோளாறு. பழைய கேலிப்பரைக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளினால் போகிறதா, தூசி உறை கிழிந்திருக்கிறதா, ஆயில் கசிந்த ஈரம் இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். புது ரோட்டர் போட்டும் சத்தம் வருகிறதென்றால் பின் சக்கரத்தைப் பார்த்தார்களா? அல்லது ரோட்டருக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து உரசும். விரலால் நிமிர்த்தினால் போதும், காசே வேண்டாம்.

ஆடிக்காற்று
பழைய பாகத்தைப் பற்றி: வேலை ஒப்படைக்கும்போதே கேட்டிருந்தால் திருப்பித் தர வேண்டும். உத்தரவாதத்தில் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்புவதென்றால் காட்டவாவது வேண்டும். இப்போது கேட்டாலும் தப்பில்லை, குப்பைக்குப் போகாமல் இருந்தால் காட்டுவார்கள். பில்லில் கேலிப்பர் புதிதா, புதுப்பித்ததா என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப்பித்ததைப் போட்டால் அதைச் சொல்லியாக வேண்டும்.

வல்வெட்டி_ரொறன்ரோ
இஞ்ச கனடாவில, ஒன்ராறியோவில் இன்னும் தெளிவாக இருக்கு. எழுதித் தந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதம் வரைதான் கூடுதலாக வாங்கலாம், அதுக்கு மேல ஏலாது. பழுது பார்த்த பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம், எது முதல் வருதோ அது. மற்றது, கார் திருத்துற மெக்கானிக் தனி ஆளாகவே உரிமம் எடுத்திருக்க வேணும். கலிஃபோர்னியாவில் கராஜைத்தான் பதிவு செய்யினம், ஆளை இல்லை. புகைச் சோதனை மாதிரி ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும்தான் தனி உரிமம். ஸ்பானர் பிடிக்கத் தெரியாத ஆளும் கராஜ் திறக்கலாம் எண்டால் அது என்ன கண்காணிப்பு?

தாமிரபரணிக்காரன்
எங்க ஊரில் மெக்கானிக்குக்கு உரிமம் வேண்டுமென்றால் பாதிப் பட்டறை நாளைக்கே மூடிக்கிடும். பன்னிரண்டு வயசில் டயர் கழற்ற ஆரம்பித்த அண்ணன்மார்கள்தான் நம்ம வண்டியை ஓட வைக்கிறார்கள். பரீட்சை எழுதச் சொன்னால் அவர் பெயிலாகி, எழுதத் தெரிந்தவன் பாசாகி வருவான். அப்புறம் பிரேக் யார் போடுவது?

சட்டம்_பேசுவோம்
பன்னிரண்டு வயதில் டயர் கழற்றுவதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாமே. அது வேறு குற்றம். இந்தியாவில் பழுது பார்க்கும் கடைக்கென்று தனிக் கண்காணிப்பு அமைப்பு கிடையாது. உள்ளாட்சியின் தொழில் உரிமம், வரவு அளவைப் பொறுத்து ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். எது நடந்தாலும் நாமே நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும். தப்பு நடப்பதற்கு முன்னால் கேட்க ஆளில்லை என்பதுதான் குறை.

தாமிரபரணிக்காரன்
பதிவு செய்தால் மட்டும் ஏமாற்ற மாட்டார்களா? இந்த அக்கா கடை பதிவு பண்ணின கடைதானே.

நடுநிலைவாதி
இப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 1992-இல் இதே பி.ஏ.ஆர்., சியர்ஸ் என்ற பெரிய கடைச் சங்கிலியின் 72 கார்ப் பழுது மையங்கள் மேல் குற்றம் சாட்டியது. எல்லாம் பதிவுள்ள கடைகள்தான். துறை ஆட்கள் என்ன கோளாறு என்று முன்பே குறித்து வைத்த கார்களை வாடிக்கையாளர் மாதிரி கொண்டுபோய் விட்டார்கள். கடைக்காரர்கள் தேவையே இல்லாத பாகங்களை மாற்றிப் பில் போட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? வாங்க வைத்த வேலைக்கு ஏற்ப ஊழியர்களுக்குக் கமிஷன், இத்தனை விற்க வேண்டும் என்று இலக்கு. விஷயம் வெளியே வந்ததும் அந்தக் கமிஷன் முறையை நிறுத்தினார்கள். தனி மனிதர் ஒருவர் தன் ஒற்றைப் பில்லை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? உரிமத் தாள் சுவரில் தொங்குவது அப்புறம். ஆள் அனுப்பிச் சோதிக்கிறார்களா என்பதைப் பாருங்கள். வல்வெட்டியாருக்கும் இதுதான் பதில்.

வல்வெட்டி_ரொறன்ரோ
மாறுவேடத்தில் போய்ப் பிடிக்கிறது நல்லதுதான். ஆனால் பிடிபட்ட பிறகுதானே? என் பிரேக் அதுவரை பொறுக்குமோ?

ஸ்பேனர்_சித்தப்பா
கேலிப்பர் பின்னைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தார்களா?

மொட்டைமாடி
ஆறு மணிக்குக் கடை மூடுகிறதாம், இங்கே 1992 ஓடுகிறது. யாராவது அவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆடிக்காற்று
அக்கா, பி.ஏ.ஆர்.-இல் இணையத்திலேயே புகார் போடலாம். மெசேஜ், பில், போன் வந்த நேரம் காட்டும் பதிவு, படம் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். துறை ஆள் கடையிடம் பேசிச் சமரசம் செய்யப் பார்ப்பார். ஆனால் பணத்தைத் திருப்பித் தா என்று கடைக்கு உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பதிவை நிறுத்தலாம், ரத்து செய்யலாம், அபராதம் போடலாம். அந்தப் பயத்தில்தான் பல கடைகள் இறங்கி வரும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம், தனி நபருக்கு 12,500 டாலர் வரை. அங்கே வக்கீல் வரவே கூடாது, நீங்களே பேசலாம்.

இதெல்லாம் இன்றைக்கு நடக்காது. இன்றைக்கு இரண்டு வழி. 412 உடனே தருகிறேன், மீதி வேலைக்குத் தொகை சொல்லிச் சம்மதம் வாங்கிய குறிப்பைக் காட்டுங்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. நகரவில்லையென்றால் "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதி, கிரெடிட் கார்டில் மட்டும் கட்டி வண்டியை எடுங்கள். ரொக்கம் வேண்டாம், டெபிட் கார்டும் வேண்டாம். அப்புறம் கார்டு நிறுவனத்துக்கு எழுதலாம்: 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், கடை உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும், கடையிடம் முதலில் பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். அந்தத் தொகையைக் கார்டு நிறுவனத்துக்குக் கட்டி முடிப்பதற்குள் எழுத வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும். அந்தச் சத்தத்தைச் சரி செய்ய உடனே வேறு கடைக்குப் போய்ப் பாகத்தை மாற்றிவிடாதீர்கள். வேறு ஒருவர் பார்த்து என்ன நிலையில் இருக்கிறதென்று எழுதித் தரட்டும், படம் எடுக்கட்டும். கை வைத்துவிட்டால் இவர்கள் செய்த வேலைக்குச் சாட்சி போய்விடும். பிரேக் பிடிப்பதிலேயே குறை தெரிந்தால் ஓட்டாதீர்கள், அப்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

தாமிரபரணிக்காரன்
கூகுளில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். எந்தத் துறையையும்விட அதற்குத்தான் பயப்படுவார்கள்.

நடுநிலைவாதி
சமரசம் பேசிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டு, கடைக்காரர் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணத்தைக் கையில் கொடுங்கள். நல்ல யோசனை.

வைகை_88
வண்டி வந்துவிட்டது. வேலைத் தாளில் போன் பேசிய நேரம் இருந்தது, தொகை இல்லை. புகார் போட்டுவிட்டேன் என்றதும் முதலாளி வந்து பேசினார். கடைசியில் 640. கார்டில் கட்டினேன். நன்றி எல்லோருக்கும்.

ஸ்பேனர்_சித்தப்பா
பழைய கேலிப்பரைப் பார்த்தீர்களா?

ஆடிக்காற்று
நல்லது அக்கா. 640-க்கு ஒத்துக்கொண்டபோது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அதையும் புகாரோடு இணைத்து அனுப்புங்கள். வாங்கவில்லையென்றால் துறை ஆள் கூப்பிடும் முன் புகாரைத் திரும்பப் பெற வேண்டாம்.