திகிரி (குயவர் மண்பாண்டம் வனையும் சக்கரம்) கட்டும்போது எது எங்கே சறுக்கும்?

மோட்டார் பார்ப்பவர்:
புதிதாகச் சக்கரம் கட்டுகிறவர்கள் எடுத்ததும் "மோட்டார் எத்தனை ஹெச்பி (குதிரைத்திறன்) போடலாம்?" என்பார்கள். வனைபவரின் கைக்கு ஹெச்பி தெரியாது. நிமிடத்துக்கு 60 சுற்றில் மண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் வேகம் இழந்து தொய்கிறதா என்பதுதான் தெரியும். அரை ஹெச்பி (373 வாட்), 1500 சுற்று டிசி மோட்டாரின் முறுக்குவிசை (சுழற்றும் வலு) சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். புல்லி, பெல்ட் வழியாக 6:1 வேகக் குறைப்பு வைத்தால் மண் வைக்கும் தட்டில் 250 சுற்று, 14 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. ஆரத்தில் கை 10 கிலோ இழுவை கொடுத்தால் அதற்கே 10 நியூட்டன் மீட்டர் போய்விடும். அதே மோட்டாருக்கு 4:1 வைத்தால் 375 சுற்று கிடைக்கும், முறுக்குவிசை 9.5தான். அந்த வேகத்தில் யாரும் வனைவதில்லை. சென்டர் செய்வதற்கு (மண்ணைத் தட்டின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதற்கு) 200, 250 சுற்று தாராளம்.

பெல்ட்காரர்:
6:1 சரி, ஆனால் அதற்கு 50 மி.மீ. புல்லியில் சாதாரண ஏ வகை வி-பெல்ட் (வி வடிவக் குறுக்குவெட்டு உள்ள தடித்த பெல்ட்) மாட்டாதீர்கள். அது 75 மி.மீ.க்குக் கீழே வளைய விரும்பாது. சூடாகி உள்பக்கம் வெடிக்கும். நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் பாலி-வி பெல்ட்தான் ஏற்றது. 50 மற்றும் 300 மி.மீ. புல்லிகளுக்கு மைய இடைவெளி 350 மி.மீ. வைத்தால் சின்ன புல்லியை பெல்ட் ஏறத்தாழ 138 பாகை சுற்றிப் பிடிக்கும். நெருக்கினால் பிடி குறையும், பெரிய மண்கட்டியில் கீச்சிடும். மோட்டார் காலுக்கு நீள்துளை போட்டால் பெல்ட்டை இறுக்குவது சுலபம்.

கன்ட்ரோலர் பழுது பார்ப்பவர்:
மெதுவான வேகத்தில் தொய்கிறது என்று மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் கன்ட்ரோலர் போர்டைப் பாருங்கள்; மோட்டாரின் வேகத்தை மாற்றுவது அதுதான். டிசி கன்ட்ரோலர் பலவற்றில் 'ஐஆர்' என்று குறித்த சின்னத் திருகு இருக்கும். சுமை ஏறும்போது மோட்டாருக்குள் விழும் வோல்டேஜை ஈடுகட்டுவது அதன் வேலை. பெடலை 60 சுற்றில் நிறுத்தி, தட்டில் ஈரமண் வைத்து ஒருவர் அழுத்தட்டும். வேகம் விழுந்தால் திருகைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கையை எடுத்த பிறகும் சக்கரம் தானாக வேகம் கூடிக் குறைந்து அலைந்தால் அளவு மிஞ்சிவிட்டது, ஒரு பொட்டு பின்னால் திருப்புங்கள். போர்டில் லைன் மின்சாரம் நேரடியாக இருக்கும், தொட்டால் அடிக்கும். காப்பிட்ட திருப்புளி, உலர்ந்த கை, ஈரமண் அழுத்துபவர் வேறு ஆள். சக்கரம் இருக்கும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பெடலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுழல்மின்தடைதான் அடுத்த நோயாளி. மண்தூசி புகுந்தால் பெடலின் ஒரே இடத்தில் வேகம் துள்ளும். அங்கே காந்தமும் அதைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரும் வைத்தால் தேய்வதற்கு உள்ளே எதுவும் இல்லை.

ஷாஃப்ட், பேரிங்:
தட்டு ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷாஃப்டைப் பிடிக்கும் இரண்டு பேரிங்குக்கும் உள்ள இடைவெளி. பேரிங்கில் 0.1 மி.மீ. தளர்வு இருக்கிறது என்று வையுங்கள். பேரிங் இடைவெளி 50 மி.மீ. என்றால் 30 செ.மீ. தட்டின் விளிம்பு 0.3 மி.மீ. மேலும் கீழும் போகும், 150 மி.மீ. என்றால் 0.1 மட்டுமே. 25 மி.மீ. ஷாஃப்டுக்கு யுசிபி 205 (தாங்கியோடு வரும் பேரிங்) இரண்டு போதும், மேலே உள்ளது தட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கட்டிய பிறகும் ஆடுகிறதா? ஒரு பென்சிலை ஸ்டாண்டில் கட்டி, விளிம்பின் மேற்பரப்பை லேசாகத் தொடவிட்டுக் கையால் சுற்றுங்கள். கோடு விழும் இடம்தான் மேடு. தட்டைக் கழற்றி ஷாஃப்டில் அரைவட்டம் திருப்பி மாட்டி மறுபடி பாருங்கள். மேடு தட்டோடு கூடவே வந்தால் தட்டு வளைவு; ஷாஃப்டின் பழைய பக்கத்திலேயே நின்றால் ஷாஃப்ட் வளைவு. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் கோடு விழுந்தால் பேரிங்.

இன்னொன்று: சக்கரம் இரண்டு திசையிலும் சுற்ற வேண்டுமானால் மரை போட்ட தட்டு ஆகாது. ஒரு திசையில் தானாகக் கழன்றுவிடும். தட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே பள்ளத்தில் சாவி (சிறு உலோகக் கட்டை) வைத்துப் பூட்டுங்கள்.

தொட்டி விஷயம்:
பேரிங்கைக் கொல்வது எடை அல்ல, சேற்றுக் குழம்புதான். தெறிக்கும் சேற்று நீரைப் பிடிக்கும் தொட்டியின் நடுத்துளையைச் சுற்றி 4 செ.மீ. உயரக் கழுத்து வேண்டும். தட்டின் அடியில் அந்தக் கழுத்தை மூடிச் சுழலும் பாவாடை வேண்டும். அதற்கும் கீழே ஷாஃப்டில் நீரைத் தடுக்கும் ஒரு ரப்பர் வி-வளையம்.

உதைசக்கரம்:
மின்சாரம் வேண்டாம், கீழே உள்ள கனமான வட்டைக் காலால் உதைத்தே சுற்றுகிறேன் என்பவர்களுக்கு: 70 செ.மீ. குறுக்களவு, 5.4 செ.மீ. தடிமனில் வார்த்த கான்கிரீட் வட்டு சுமார் 50 கிலோ வரும். அதே எடையை விளிம்பில் வளையமாக வைத்தால் சுழல்நிலைமம் (சுற்றிக்கொண்டே இருக்க முயலும் தன்மை) ஏறக்குறைய இரட்டிப்பு. ஷாஃப்ட் செங்குத்தாக இருக்கும்போது சமநிலை பார்த்துப் பயனில்லை, கனமான பக்கம் எங்கேயும் நிற்கும். ஷாஃப்டைப் படுக்கவைத்து இரண்டு மட்டமான இரும்புக் கோணங்களின் மேல் உருளவிடுங்கள். கனப்பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஈயம் சேர்த்து, எங்கே விட்டாலும் நிற்கும்வரை சரிசெய்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.