ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பள்ளியில் என்ன உதவியை, எப்படிக் கேட்பது?

வேளச்சேரித் தாய்:

வணக்கம். எங்கள் மகனுக்கு ஏழு வயது. இங்கே ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆட்டிசம் இருப்பது சிறு வயதிலேயே கண்டறியப்பட்டு, ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) பேச்சுப் பயிற்சியும் தொடர்ந்து நடந்து வருகின்றன. தமிழும் ஆங்கிலமும் நன்றாக வாசிப்பான். மாநகரப் பேருந்துகளின் தட எண்களையும் அவை நிற்கும் இடங்களையும் வரிசை பிசகாமல் சொல்வான். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகராது. பாடவேளை மாறும் மணி அடித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அதற்குப் பிறகு அவனை இருக்கைக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த பாடவேளையில் பாதி போய்விடுகிறது.

வரும் ஜூன் முதல் எங்கள் செலவிலேயே ஒரு ஷேடோ டீச்சரை, அதாவது வகுப்பில் அவன் கூடவே இருந்து உதவும் தனி ஆசிரியரை, அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு ஏற்ற வேறு பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (யு.டி.ஐ.டி.) எங்களிடம் இருக்கின்றன. இந்த விஷயத்தில் சட்டம் தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்துமா? வகுப்பாசிரியரின் மனக்கசப்பைச் சம்பாதிக்காமல் உதவி கேட்க வழி உண்டா? பள்ளியை விட்டுவிட்டு, தினமும் வகுப்புக்குப் போகாமல் படித்துத் தேர்வு எழுதும் திறந்தநிலைப் பள்ளி முறையில் படிக்க வைக்கலாமா என்று என் கணவர் யோசிக்கிறார்.

அடையாறு சிறப்பாசிரியர்:

வணக்கம் அம்மா. உங்கள் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் மணியோசையும்தான் அவனுடைய நாளைக் கெடுக்கின்றன என்பதை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். ஆனால் பள்ளியுடனான பேச்சு இப்போது "ஷேடோ டீச்சர் உண்டா, இல்லையா" என்பதில் போய் நின்றுவிட்டது. அங்கிருந்து அதை விலக்கி, எந்தப் பாடவேளையில் எந்தச் சிக்கலுக்கு யார் என்ன செய்வது என்ற இடத்துக்குக் கொண்டுவருவதே உங்கள் முதல் வேலை.

மணியை எடுத்துக்கொள்வோம். அடிப்பதற்குச் சற்று முன்னால் ஆசிரியர் அவன் மேசையில் ஒரு மணிப் படம் போட்ட அட்டையை வைத்தால் போதும். அட்டையைப் பார்த்ததும் காது மூடியை மாட்டிக்கொள்ள அவனைப் பழக்கலாம். இதைத் தெரபி வகுப்பிலும் வீட்டிலும் முதலில் பழக்கிவிட்டு, பிறகு பள்ளிக்குக் கொண்டுபோங்கள். பழகாத பொருளைத் திடீரென்று வகுப்பில் கொடுத்தால் தூக்கி எறிவான், "பாருங்கள், பலனில்லை" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்கள். மணி பொருத்தியிருக்கும் தாழ்வாரச் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில், முதல் வரிசையில் இடம் கேளுங்கள். எழுத்து வேலைக்கு, கரும்பலகையில் வரப்போவதை ஒரு தாளில் அச்சிட்டு அவன் நோட்டின் பக்கத்தில் வைக்கலாம். விடையை மட்டும் அவன் எழுதட்டும். அன்றைய பாடவேளைகளைப் படங்களாக மேசையில் ஒட்டி வைத்தால், அடுத்து என்ன என்ற பதற்றமும் குறையும்.

இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, தெரபிஸ்டின் அறிக்கையோடு இணைத்து, தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றைச் சேர்ந்து தயாரிக்கலாம் என்று கேளுங்கள். அதைச் சுருக்கமாக ஐ.இ.பி. என்றால் பள்ளிக்குப் புரியும். முதல் பருவத்துக்கு மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். முப்பது இலக்குகளோடு அழகாகக் கட்டம் போட்ட திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை யாரும் இரண்டாவது முறை திறந்து பார்ப்பதில்லை. அறிக்கை பழையதாகிவிட்டதென்றால், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் புதிதாக மதிப்பீடு செய்துகொள்ளலாம்.

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, அம்பத்தூர்:

என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறான். நான் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் அட்டவணையில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. அதன் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு நிற்காமல் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது; ஆகவே உங்கள் பள்ளி அதற்கு உட்பட்டதே. பாகுபாடின்றிச் சேர்ப்பதும், குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதும் அந்தப் பிரிவில் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டம், 2009 இலும், நல்ல வேளையாக, 16ஆம் பிரிவுதான்: எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை குழந்தையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறியிருக்கிறது. எனவே "உங்கள் பள்ளியின் சிறப்பாசிரியர் யார், அவரை எப்போது சந்திக்கலாம்?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இவ்வளவையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் சந்திப்பிலேயே எடுத்து மேசைமேல் போட வேண்டாம். பள்ளி எழுத்து மூலம் மறுத்தாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மனுக் கொடுக்கலாம். ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய சில அதிகாரங்கள் உண்டு.

திறந்தநிலைப் பள்ளியைப் பற்றி: பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் எழுதி முடிக்கலாம் என்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் ஏழு வயதில், பஸ் நம்பர் சொல்லித் தானாகப் பேச்சைத் தொடங்கும் ஒரு பிள்ளையை மற்றக் குழந்தைகளிடமிருந்து பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் கணவரிடம் அந்த யோசனையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

தாம்பரம் ஆசிரியை:

நான் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் பணியாற்றுகிறேன். ஆசிரியர் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது குழந்தைகளோடு தனியாக நிற்பவருக்கு, மேசைக்கு அடியில் போய்விட்ட ஒரு குழந்தையை என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். ஷேடோ டீச்சர் வேண்டும் என்ற பேச்சு பல நேரங்களில் அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே முதல்வரைச் சந்திக்கும் முன் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அவர் ஏற்கெனவே செய்துவரும் நல்லது ஏதாவது இருந்தால் அதைக் கடிதத்திலும் பெயர் சொல்லி எழுதுங்கள். நாள் முழுவதும் ஒட்டியே இருக்கும் ஷேடோ டீச்சரால் இன்னொரு சங்கடமும் உண்டு: வகுப்பாசிரியர் அந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார். தேவைப்பட்டால் எழுத்துப் பாடவேளைகளுக்கு மட்டும், படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தோடு கேளுங்கள்.

ஒருவேளை பள்ளியை மாற்றினால், அரசுப் பள்ளிகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார்கள். தெரபியும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் ஒரே ஆசிரியர் பல பள்ளிகளைக் கவனிப்பதால், உங்கள் பகுதியில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை மையத்துக்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வேளச்சேரித் தாய்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். மணி அட்டையையும் தெரபிஸ்டிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு சந்தேகங்கள். ஷேடோ டீச்சர் பற்றி அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் கடிதத்தில் குறிப்பிடலாமா? மூன்றாம் வகுப்பிலிருந்து இன்னொரு மொழியும் சேர்கிறது. அதிலிருந்து விலக்குக் கேட்க முடியுமா?

ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, அம்பத்தூர்:

கட்டாயம் குறிப்பிடுங்கள், ஆனால் குற்றச்சாட்டாக வேண்டாம். "இன்ன தேதியில் நடந்த சந்திப்பில் தாங்கள் கூறியதாக நாங்கள் புரிந்துகொண்டது இது, வேறாக இருந்தால் தெரிவிக்கவும்" என்று எழுதினால், வாய்மொழி தானாகவே பதிவாகிவிடும்.

மொழி விலக்குக்கு வழி உண்டு. 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவில் கூடுதல் நேரம், எழுத உதவுபவர் ஆகியவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழி விலக்கும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும்; அதையெல்லாம் பள்ளி மூலமாகத்தான் பெற வேண்டும் என்பதால், பள்ளியின் பதிவேட்டில் அவன் சிறப்புத் தேவையுள்ள மாணவனாகக் குறிக்கப்பட்டிருக்கிறானா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். சான்றிதழில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இட மறுத்தால், அன்று மாலையே அதே கடிதத்தை முதல்வரின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, வகுப்பாசிரியருக்கும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.