ஆரண்ய காண்டம் படம் அன்றைக்கு ஏன் ஓடவில்லை?

கோபிக்காரன்:
2011 ஜூனில் ஈரோட்டில் மாலைக் காட்சி பார்த்தேன். அரங்கில் இருபது பேர்கூட இல்லைங்க. இடைவேளையில் நாலு பேர் எழுந்து போனார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், 59-வது தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு என இரண்டு விருதுகள். நம்மூர் ஆட்களுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை? மனது இன்னும் ஆறவில்லை.

பெருந்துறை அம்மணி:
பாட்டே கிடையாது, 'ஏ' சான்றிதழ் வேறு. குடும்பத்தோடு யார் போவார்கள்? நான் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டில்தான் பார்த்தேன். சிரிக்கும்போதே பயமாக இருந்தது. சிரிக்கலாமா என்று பக்கத்து ஆளைப் பார்க்கிற படம் அது. காலி அரங்கில் அந்தச் சிரிப்பு எப்படி வரும்?

தாராபுரத்தான்:
எங்கள் அப்பாரு கட்டுச்சேவல் வளர்த்தவர். தோற்ற சேவலைத் துண்டில் சுற்றி, ஒரு வார்த்தை பேசாமல் வீடு வருவார். படத்தில் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் காளையனைப் பார்த்ததும் அவர்தான் கண்ணில் வந்தார். காளையனாக நடித்த குரு சோமசுந்தரத்துக்கு அது முதல் படம் என்றால் நம்பவே முடியாது. காளையனின் மகன் கொடுக்காப்புளி அப்பாவைப் பற்றி ரவுடி பசுபதியிடம் சொல்லும் இடத்தில் அழுதுவிட்டேன்.

கோபிக்காரன்:
சரிங்க, அந்த இடத்தில் எங்கள் அரங்கில் ஒருத்தர் மட்டும் கை தட்டினார். பின் வரிசை, வேட்டி கட்டிய பெரியவர்.